தொப்பூர் இறங்கி ஏற ஒரு பழைய பத்மினி: வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய பழுதுபார்ப்பு

பழைய பிரீமியர் பத்மினி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். தாத்தா வீட்டுக் கொட்டகையில் பத்து வருடம் நின்றதை இழுத்து வந்திருக்கலாம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இருப்பவருக்கு அந்த வண்டியைச் சோதிக்க ஒரு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது: தொப்பூர் கணவாய். சேலம் போகும்போது இறக்கம், அங்கே பிரேக் தன் நிலையைச் சொல்லிவிடும். திரும்பும்போது ஏற்றம், அங்கே ரேடியேட்டரும் கரண்டும் (பிளக்கில் பொறி வரச் செய்யும் அமைப்பு) சொல்லிவிடும். இந்தக் கட்டுரையில் வேலைகளை அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். முதலில் வண்டி நிற்க வேண்டும். அப்புறம் சூடாகாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீராக ஓடுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாமா கொடுத்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கார்புரேட்டரைக் கழற்றினேன், பிளக்கை மாற்றினேன், கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட்டையும் தொட்டேன். மாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்றில் எதனால் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கு ஒரு வேலைதான். முடித்து, ஓட்டிப் பார்த்து, நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பிறகே அடுத்தது.

இந்த வண்டியை ஏன் வீட்டில் பார்க்க முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்து, 1974 முதல் பத்மினி என்று பெயர் பெற்ற கார் இது. 1089 சிசி, நான்கு சிலிண்டர், பின்சக்கர ஓட்டம், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. இதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்ய முடியும். மும்பையில் இது டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது. அத்தனை டாக்சிகளுக்காகத் தயாரான உதிரிபாகங்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன. நமக்கு இடமும் வசதியானது. ஒரு பக்கம் பெங்களூரு ஜே.சி. ரோடு, இன்னொரு பக்கம் சென்னை புதுப்பேட்டை, இரண்டுக்கும் போகும் நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில்தான் சந்திக்கின்றன. போகும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் வேறு மாடலுக்கானது வந்துவிடும்.

அட்டையும் கருவிகளும்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, இரவு வண்டிக்கடியில் விரித்து வையுங்கள். காலையில் சொட்டுகளைப் பாருங்கள். முன்பக்கம் கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். நடுவிலோ பின் ஆக்சிலுக்கு அடியிலோ கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாகவோ துருநிறத்திலோ இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, தொட்டால் வழுக்கும் நிறமற்ற திரவம் என்றால் பிரேக் ஆயில். அப்படி இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம்.

இத்தாலிய வடிவமைப்பு என்பதால் நட்டு போல்ட் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் ஒரு செட், நல்ல திருப்புளி இரண்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஸ்பேனர், கிரீஸ் கன், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப். ஆரம்பத்துக்கு இவை போதும். அம்பாசடர் வைத்திருக்கும் நண்பரிடம் ஸ்பேனர் கடன் வாங்காதீர்கள். அது பிரிட்டிஷ் அளவு. ஏறக்குறைய பொருந்துவதுபோலத் தோன்றும், நட்டின் மூலைகளை வழித்துவிடும்.

ஜாக்கியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு வண்டியின் எடையை இரும்பு ஸ்டாண்டு தாங்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகக்கூடாது, ஐந்து நிமிட வேலைக்குக்கூட. நம் பக்கம் எந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாலும் நாலு ஹாலோ பிளாக் கிடக்கும், கருங்கல் துண்டும் கிடக்கும். இரண்டும் வேண்டாம். ஹாலோ பிளாக் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நொறுங்கும், கருங்கல்லில் இரும்பு வழுக்கும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பது என் பழக்கம். எல்லாம் தவறினாலும் கடைசியாக அது ஒன்று தாங்கும்.

முதல் வேலை: பிரேக்

பெடலை அமுக்கிப் பாருங்கள். பாதி தூரத்துக்கு முன்பே கெட்டியாக நின்றால் நல்லது. கடைசிவரை போய்ப் பிடித்தால், அல்லது இரண்டு மூன்று முறை அமுக்கினால்தான் பிடிக்கிறது என்றால், ஷூ (டிரம்மில் உரசி நிறுத்தும் வளைந்த பட்டை) தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம். பஞ்சுபோல அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று. காலை எடுக்காமல் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஒழுகுகிறது அல்லது பெடலை அமுக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. உங்கள் வண்டியில் இருப்பது ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். எதையும் பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று பிறகு நினைவு வராது. இன்னொரு பக்கத்துச் சக்கரத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ரப்பர் கிட் மாற்ற வேண்டும். சிலிண்டரின் உள்சுவரில் புள்ளிப் புள்ளியாகத் துரு அரித்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் அதைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். சூடானதும் ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிரம்மின் உள்ளே விரலால் தடவிப் பார்த்து, ஆழமான கோடு விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அது வீட்டு வேலை இல்லை.

எல்லாம் மாட்டியபின் அட்ஜஸ்ட்மென்ட். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, ஷூவைத் தாங்கும் பேக் பிளேட்டின் பின்னால் இருக்கும் அட்ஜஸ்டரை ஷூ உரசும்வரை திருப்புங்கள். அப்புறம் சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குச் சற்றே தளர்த்துங்கள். லேசான உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை.

இனி காற்று எடுப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். என் வீட்டில் பெடலில் உட்காருவது மகன். மாஸ்டர் சிலிண்டர் வலது முன்பக்கம் இருப்பதால் மிகத் தூரத்தில் இருக்கும் இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், கடைசியாக வலது முன் என்று வர வேண்டும். பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். "அமுக்கு" என்றால் அவர் மெதுவாக அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறக்கிறீர்கள், குமிழியோடு ஆயில் வரும், மூடுகிறீர்கள். "விடு" என்ற பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது கால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குமிழி நின்ற பிறகும் இரண்டு முறை செய்யுங்கள். இடையிடையே ரிசர்வாயரைப் பார்த்து நிரப்புங்கள், அது காலியானாலும் இதே கதிதான்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறியதற்கு அது 140 டிகிரிதான். தொப்பூர் இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்து வந்தால் டிரம் நன்றாகச் சூடாகும். ஈரமேறிய ஆயில் ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள், திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள், வடித்ததை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுகூட இதில் விடக்கூடாது, எல்லா ரப்பரும் உப்பிவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதலில் வாசலிலேயே நடை வேகத்தில் பிடித்துப் பாருங்கள், பிறகு ஆளில்லாத லேஅவுட் தெருவில். ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்கிறதா என்று உறுதிப்படுத்திய பிறகுதான் மெயின் ரோடு.

இரண்டாவது: ரேடியேட்டர், நம் ஊர்த் தண்ணீர்

எங்கள் மாமா வண்டியில் இருபது வருடமும் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றினார். தெரிந்து செய்த தவறு இல்லை, எல்லோரும் அதைத்தான் ஊற்றினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்தின் நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரின் உப்புத்தன்மை என்ன என்று சோறு வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. சேலத்திலிருந்து ஒரு மே மாதப் பகலில் திரும்பியபோது, கணவாயின் பாதி ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போய், ஓரம்கட்டி முக்கால் மணி நேரம் நின்றேன். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது தேங்காய்த் துருவல்போல வெள்ளையாகக் கொட்டியது.

வேலையை இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் வெந்நீர் திறந்த நொடியில் நீராவியாகி முகத்துக்கு வரும். கீழே உள்ள குழாயைத் திறந்து ஒரு தொட்டியில் வடியுங்கள். பழைய கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். தெருநாயும் ஆடும் நக்கிவிடும், தரையில் விடாதீர்கள். மேல், கீழ் ஹோஸ்களைக் கழற்றி, கீழ்வாயிலிருந்து தோட்டத்து ஹோஸ் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு, தெளிவாக வரும்வரை அலசுங்கள். கழுவுவதற்குப் போர் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசல் மட்டும் டிஸ்டில்டு வாட்டரில். ரேடியேட்டரின் முன்பக்க இதழ்களில் ஒட்டிய பூச்சியையும் தூசியையும் இன்ஜின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள். இதழ்கள் மடங்கும்படி வேகமாக அடிக்க வேண்டாம். எத்தனை அலசியும், பிறகு இன்ஜின் ஓடிச் சூடானபோது ரேடியேட்டரின் நடுவில் ஒரு பகுதி குளிர்ச்சியாகவே இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது. ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். கிளிப் அருகே கொழகொழவென்று இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ புதிது போடுங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினால் சரி.

தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம் என்று யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். அதை மறுபடி போடுவதே நல்லது என்பேன். அது இல்லாத இன்ஜின் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். புதிதை மாட்டுமுன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். கொதிநிலைக்கு முன்பே திறந்து, ஆறினால் மூட வேண்டும்.

நிரப்புவதற்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டுமே, டப்பாவில் சொன்ன அளவில். ஒகேனக்கல் குழாய் நீரும் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகம் வெறும் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கும். கூலன்ட்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது. மூடியைத் திறந்து வைத்தே இன்ஜினை ஓட விட்டு, காற்று வெளியேறி மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். நீர் சூடேறும் முன்பே மூடிவிடுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல வெள்ளையாகப் படிந்திருந்தால், அல்லது ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்து ஃபேஸிங் போட (சமமாகச் சீவ) வேண்டும். ஓசூரில் தொழிற்சாலைகளை நம்பி நல்ல லேத் பட்டறைகள் பல இருக்கின்றன.

மூன்றாவது: கரண்ட்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பிளக் ஒயர்களில் 1 முதல் 4 வரை டேப் ஒட்டி எழுதுங்கள். பற்றும் வரிசை 1-3-4-2. ஒயரை மாற்றிப் போட்டால் வண்டி இருமும், கிளம்பாது.

பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு நல்ல நிறம். கரிப்புகைபோல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்க் கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. ஒரே ஒரு பிளக் மட்டும் வேறு நிறம் காட்டினால் கோளாறு அந்த சிலிண்டரில்தான்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்பக்கம் முடிபோன்ற வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மழைநாளில் வண்டி கிளம்பாததற்கு அதுவே போதும். வண்டியை டாப் கியரில் போட்டு மெதுவாக நகர்த்தினால் உள்ளே கேம் சுற்றும். அதன் மேட்டில் பாயிண்ட் முழுவதும் திறந்து நிற்கும்போது இடைவெளியை அளக்க வேண்டும். பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் பக்கம் வரும், உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய கையேட்டு அளவே முடிவு. ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். ஸ்குரூவை இறுக்கும்போது அது நகர்ந்துவிடும், இறுக்கியபின் இன்னொரு முறை அளந்து பாருங்கள். கடைசியில் சுத்தமான காகிதத்தைப் பாயிண்ட்டுக்கு இடையே விட்டு இழுத்து, எண்ணெய்ப்பசையை எடுங்கள். பாயிண்ட் அடிக்கடி கருகினால், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) கொஞ்சம் நகரும். முதல் தடவை அதை மட்டும் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெஸ்ட் லேம்ப்பில் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல்

கார்புரேட்டரை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். ஃபில்டரை மாற்றுங்கள், ஹோஸ்களை மாற்றுங்கள், போதும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஹோஸ் மெத்தென்று ஆகும், பம்ப்பின் டயாஃப்ரம் விறைக்கும் அல்லது உப்பும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனாலில் ஈரம் சேரும், அதனால் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

வெயிலில் நின்று மறுபடி கிளம்பும்போது முக்கி முக்கி அணைந்தால் அது வேப்பர் லாக்: பம்ப்பின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட, பம்ப்பால் அதைத் தள்ள முடிவதில்லை. பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பழைய டிரைவர்கள் செய்தது இதுதான், இன்றும் இதுதான் பலிக்கிறது.

பெட்ரோல் வேலை திறந்த வெளியில் மட்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் கூடாது. தீயணைப்பு சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள்.

கடைசியாக, முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், ஸ்டியரிங் நிப்பிள்கள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். ஸ்டியரிங் எத்தனை இலகுவாகிறது என்பதை அன்றே உணர்வீர்கள், எனக்கு மிகப் பிடித்த வேலை இது.

கணவாய்

எல்லாம் முடிந்து, உள்ளூரில் ஒரு வாரம் ஓட்டிய பிறகு, விடிகாலையில் கிளம்புங்கள். ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், துணி, ஸ்பேனர் எல்லாம் டிக்கியில். இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், வேகம் ஏறினால் இரண்டு. பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். பக்கத்தில் லாரிகள் வரும் பாதை அது. இடதுபுறமே போங்கள். இறங்கியதும் ஓரமாக நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்றிலிருந்து மட்டும் அதிகச் சூடு அடித்தால் அந்த ஷூ உரசுகிறது.

திரும்பும்போது ஏற்றத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினைத் திணற விடாமல் ஏறுங்கள். கண் அடிக்கடி முள்ளைப் பார்க்கட்டும். மேலே வந்து நிறுத்தும்போது உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். அன்று இரவு மறுபடி அட்டையை விரியுங்கள். காலையில் எங்கே சொட்டியிருக்கிறது, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கான வேலை அதுதான்.